அந்த 45 இசைத்தட்டு அசல்தானா? லேபிளை விட்டுவிட்டு வளையத்தைப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் போல்டனில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஒரு அம்மா இரண்டு வருடத்துக்கு முன் அறுபதுகளின் அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாட்டுகளுக்கு ஆடும் நார்தர்ன் சோல் நடன இரவுக்கு அழைத்துப் போனார். அன்றிலிருந்து மாதம் ஒருமுறையாவது ஆடப் போகிறேன். எனக்கு உயிரான ஒரு பாட்டின் 1966-ஆம் ஆண்டு அமெரிக்க அசல் 45 (நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சிறிய இசைத்தட்டு) தன்னிடம் இருப்பதாக, அரங்கின் மூலையில் பெட்டி வைத்து விற்பவர் சொல்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் அச்சானதாம், விகன் கேசினோ என்ற பழைய நடன அரங்கில் வாராவாரம் சுழன்ற தட்டாம். விலை 240 பவுண்டு. பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியாக அனுப்பினால் 220-க்குத் தருகிறாராம், பணம் வந்ததும் தபாலில் அனுப்புவாராம். படத்தில் லேபிள் அழகாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா? அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தட்டைக் கையில் எடுக்காமல் அசல், போலி என்று நான் சொல்வது சரியாக இருக்காது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வழியில் பணம் அனுப்பாதீர்கள்.

அந்த வழி, தங்கைக்குப் பிறந்தநாள் பணம் அனுப்புகிறவர்களுக்காக வைத்தது. அதில் அனுப்பிய பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பு எதுவும் கிடையாது. தட்டு வரவே இல்லை, இரண்டாக உடைந்து வந்தது, போலியாக இருந்தது, எதுவாக இருந்தாலும் பேபால் கையை விரித்துவிடும். அவர் குறைப்பது 20 பவுண்டு, நீங்கள் விட்டுக்கொடுப்பது 220 பவுண்டுக்கான பிடியை. 'பொருளுக்கான கட்டணம்' என்ற சாதாரண வழியில் வாங்க மறுக்கிறார் என்றால், 240 கொடுத்தாலும் அவரிடம் வாங்க வேண்டாம். கடன் அட்டையை நேரடியாகத் தேய்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால், விற்றவரோடு சேர்த்து அட்டை கொடுத்த வங்கியும் பொறுப்பு. 1974-ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு அது. நடுவில் பேபால் வந்தால் பெரும்பாலும் அந்தப் பிடி அறுந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. தொழிலாக விற்பவரிடம் தூரத்திலிருந்து வாங்கினால், தட்டு கையில் கிடைத்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னபடி இல்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இதிலிருந்து தப்பிக்கத்தான் வாரம் மூன்று அரங்கில் பெட்டி விரிப்பவர்கூட, பிரச்சினை என்று வந்ததும் 'நான் வியாபாரி இல்லை, என் சொந்தச் சேகரிப்பை விற்கிறேன்' என்பார். முப்பது வருடமாக இந்த வசனத்தைக் கேட்கிறேன். அதனால் வாங்கும் முன்பே பெயர், முகவரி போட்ட ரசீது கேளுங்கள். 'அமெரிக்க அசல் முதல் அச்சு' என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நேர்மையானவர் அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

இந்த உலகம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. அறுபதுகளில் டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற ஊர்களில் சின்னச் சின்ன கம்பெனிகள் வெளியிட்டு, சொந்த நாட்டிலேயே விலைபோகாமல் கிடங்கில் கிடந்த வேகமான சோல் பாட்டுகளை வட இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர்ப் பிள்ளைகள் தேடிப்பிடித்து ஆடினார்கள். அவர்கள் ஆடிய அரங்குகள்: மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல், ஸ்டோக்கில் டார்ச், அப்புறம் 1973 செப்டம்பர் முதல் 1981 டிசம்பர் வரை விகன் கேசினோ. லண்டனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டேவ் காடின், வடக்கிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் பாட்டுகளுக்கு வைத்த பெயர்தான் நார்தர்ன் சோல். தோற்ற பாட்டு என்பதால் தட்டுகள் குறைவு, குறைவு என்பதால் விலை. ஃபிராங்க் வில்சன் என்ற பாடகர் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் துணை நிறுவனத்துக்காக 1965-இல் பாடிய ஒரு பாட்டு வெளியாகாமலே போனது. வெகுகாலம் இரண்டே பிரதிகள்தான் தெரிந்திருந்தன. அதில் ஒன்று 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. இந்த மாதிரிக் கதைகளைக் காதில் ஊற்றித்தான் 240 பவுண்டு மலிவு என்று நினைக்க வைக்கிறார்கள்.

சரி, கேசினோ கதைக்கு வருவோம். அங்கே சுழன்ற தட்டு என்று சொன்னால் உங்கள் மனம் இளகும் என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் யோசியுங்கள். வாராவாரம் கனமான முள்ளுக்கு அடியில் ஓடிய தட்டு எந்த நிலையில் இருக்கும்? பாட்டைத் தொடக்கத்தில் நிறுத்திவைக்க, தட்டு போடுகிறவர் முள்ளை வைத்தபடியே தட்டை முன்னும் பின்னும் ஆட்டுவார். அதனால் முதல் சில நொடிப் பள்ளம் தேய்ந்து, கடாயில் எண்ணெய் காய்கிற மாதிரி 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். பாட்டு பிடித்த பிறகு அது அடங்கிவிடும். கதை உண்மையானால் தட்டு தேய்ந்திருக்கும், விலை குறைய வேண்டும். தட்டு புதிதுபோல இருந்தால் கதை பொய். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கதைக்காக ஒரு பவுண்டுகூட அதிகம் கொடுக்காதீர்கள்.

இனி அசல், போலி. லேபிளின் அழகை மறந்துவிடுங்கள். லேபிளை எழுபதுகளிலேயே அச்சு அசலாகப் போட்டார்கள், இன்று வீட்டுக் கணினியே போதும். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். டெட் வாக்ஸ் என்பார்கள். அதைச் சாய்வான வெளிச்சத்தில் திருப்பினால் எண்களும் சிறு முத்திரைகளும் தெரியும். உங்கள் தட்டு லாஸ் ஏஞ்சலஸில் அச்சானது என்கிறாரே, அந்த ஊரில் மோனார்க் என்ற பெரிய அச்சாலை இருந்தது. அங்கே அச்சானால் வட்டத்துக்குள் எம்.ஆர். என்ற முத்திரையும், ஒரு முக்கோணத்தை அடுத்து ஓர் எண்ணும் இருக்கும். முத்திரை இயந்திரம் குத்தியது, முக்கோண எண் கையால் கீறியது. அந்த எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போனவை, அதனால் எண்ணைக் கொண்டே ஆண்டைக் கணிக்கலாம். கையால் கீறியிருந்தால் போலி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மோனார்க் தட்டு ஸ்டைரீன் என்ற கடினமான பிளாஸ்டிக்கால் ஆனது. வினைல் கொஞ்சம் வளையும், ஸ்டைரீன் வளையாது, முறுக்கினால் உடைந்தே போகும். சோதிக்கிறேன் என்று வளைத்துப் பார்த்துவிடாதீர்கள். விளிம்பில் பிடித்துக்கொண்டு நகத்தால் மெல்லத் தட்டினால் வினைல் 'டப்' என்று மந்தமாகப் பேசும், ஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டுபோல 'டிக்' என்று கூர்மையாகப் பேசும். வினைலில் லேபிள் தட்டோடு சேர்த்தே அழுத்தப்பட்டிருக்கும். ஸ்டைரீனில் காகிதத்தைப் பின்னால் ஒட்டியிருப்பார்கள், ஓரத்தில் நகம் பட்டால் தெரியும். போலிகள் பெரும்பாலும் வினைலில் வந்தன. அசல் ஸ்டைரீன், கையில் இருப்பது வினைல் என்றால் சந்தேகம் வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஆட்கள் தவறு செய்கிறார்கள், அதனால் இதை நிறுத்திச் சொல்கிறேன். சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. ஒரே பாட்டை ஒரே மாதத்தில் இரண்டு மூன்று ஊர்களில் அச்சடிப்பது அமெரிக்காவில் சாதாரணம். மேற்குக் கரைக்கு மோனார்க்கில் ஸ்டைரீன், நடுப்பகுதிக்கோ கிழக்குக்கோ வேறோர் ஆலையில் வினைல். இரண்டும் அதே ஆண்டு, அதே கம்பெனி, இரண்டும் முதல் அச்சு. ஸ்டைரீன் மட்டுமே அசல் என்று பிடிவாதம் பிடித்த ஒரு நண்பர், அருமையான வினைல் அசல் ஒன்றை இருபது பவுண்டுக்குக் கைமாற்றிவிட்டு இன்றும் வருந்துகிறார். அப்படிப்பட்ட வினைல் பிரதியில் மோனார்க் முக்கோணம் இருக்காது, அந்த ஆலைக்கோ, மூலத் தட்டில் ஒலியை வெட்டிய கட்டிங் கூடத்துக்கோ உரிய வேறு அடையாளம் இருக்கும். பெல் சவுண்ட், நாஷ்வில் மேட்ரிக்ஸ், ஆடியோ மேட்ரிக்ஸ் என்ற சிறு முத்திரைகள் அந்த வகை. ஆகவே வினைலா ஸ்டைரீனா என்பதோடு நிறுத்தாமல், வினைலாக இருந்தால் வளையத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் விஷயத்தில் விற்பவரே லாஸ் ஏஞ்சலஸ் என்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் என்று சொல்லிவிட்டு, தட்டு வினைலாகவும் வளையத்தில் இரண்டு கீறல் எண் மட்டுமாகவும் இருந்தால் அவர் பேச்சும் பொருளும் ஒத்துப்போகவில்லை. அப்போது விலகிவிடுங்கள்.

காதுக்கும் ஒரு சோதனை உண்டு. எழுபதுகளின் போலிகளில் பல, மூல நாடா கிடைக்காமல் இன்னொரு தட்டிலிருந்தே எடுத்தவை. தொண்ணூறுகளில் தபாலில் ஒரு தட்டு வாங்கினேன், அன்றைய என் ஒரு வாரச் சம்பளம். பிரித்துப் பார்த்தால் கண்ணாடிபோல மின்னுகிறது, ஒரு கோடு இல்லை. முள்ளை வைத்தேன். பாட்டு தொடங்கும் முன்பே பொரிகிற சத்தம். துடைத்தேன், முள்ளை மாற்றினேன், அதே இடத்தில் அதே மூன்று 'டக்'. கண்ணுக்குக் கீறல் இல்லாத இடத்தில் கீறலின் சத்தம். அது என் தட்டின் கீறலே இல்லை, எவருடையதோ ஒரு தட்டின் கீறல் என் தட்டில் பாட்டோடு சேர்ந்து பதிவாகியிருந்தது. விற்றவர் கடிதத்துக்குப் பதில் போடவே இல்லை. ஆகவே வாங்கும் முன் அந்தத் தட்டையே முழுதாக ஓடவிட்டுக் கேளுங்கள். போனில் அனுப்பும் பத்து நொடித் துண்டு போதாது.

நிலையைக் குறிக்கும் எழுத்துகளில் ஒரு மயக்கம் இருக்கிறது. வி.ஜி. என்றால் 'மிக நன்று' என்று எழுத்து சொல்கிறது, கையில் வருவது நன்றாகவே இரைச்சல் போடும் தட்டு. அமெரிக்கரின் வி.ஜி. பிளஸ் கிட்டத்தட்ட பிரிட்டனின் ஈ.எக்ஸ்., அதாவது 'அருமை'. விலையை ஒப்பிடும்போது விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, டிஸ்காக்ஸ் போன்ற இசைத்தட்டு விற்பனைத் தளங்களில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள்.

இவரிடம் வேண்டாம் என்று முடிவுசெய்து அமெரிக்காவிலிருந்து நேரடியாக வரவழைக்க நினைத்தால், 135 பவுண்டுக்கு மேல் போகும் பொதிக்கு 20% வாட் (மதிப்புக் கூட்டு வரி) எல்லையில் கட்ட வேண்டும், அதற்கு மேல் கூரியர்காரரின் கையாளும் கட்டணம். 135-க்குள் என்றால் விற்பனைத் தளமே வாட் பிடித்துவிடும். பிடித்த பிறகும் வாசலில் இன்னொரு முறை கேட்டு என்னைக் காக்கவைத்திருக்கிறார்கள். தட்டு போலி என்று திருப்பி அனுப்பினால், கட்டிய வரியைத் திரும்பப் பெற ராயல் மெயிலில் வந்ததற்கு ஒரு படிவம், கூரியரில் வந்ததற்கு வேறு படிவம். அறுபது வருடத்துக்கு முன் அச்சான ஏழு அங்குலத் தட்டுக்கு ஒரு கார் இறக்குமதி செய்த அலைச்சல். இதைச் சொல்லிக்காட்டி 'பரிசுப் பொருள் என்று எழுதி அனுப்பட்டுமா' என்று விற்பவர் கேட்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சட்டவிரோதம், பொதி தொலைந்தால் காப்பீட்டுக்காரரிடம் காட்டவும் உங்களிடம் எதுவும் இருக்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தத் தட்டு உங்களுக்கு எதற்கு? ஆடுவதற்கு என்றால் அசல் தேவையே இல்லை. வீட்டுக் கூடத்தில் தரையில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, தோல் அடி வைத்த காலணி போட்டுக்கொண்டு சுழலப் பழக, உரிமம் பெற்ற மறுவெளியீடு தாராளமாகப் போதும். 1982 முதல் கென்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நல்ல நாடாவிலிருந்து எடுக்கிறார்கள், உரிமைக்காரருக்குப் பணம் போகிறது. போலித் தட்டில் பாடியவருக்கு ஒரு காசு போகாது. தன் குரலுக்கு லங்காஷயரில் ஆயிரம் பேர் ஆடினார்கள் என்பதே தெரியாமல் வேலைக்குப் போய் வந்த பாடகர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சேர வேண்டியதைத் தின்னும் தட்டுக்கு 220 பவுண்டு கொடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நாளை நீங்களே மேடையேறித் தட்டு போட விரும்பினால் மட்டும் கதை வேறு. அசல் தட்டு மட்டுமே என்று விதி வைத்திருக்கும் இரவுகளில் மறுவெளியீட்டை எடுத்தால் முகம் சுளிப்பார்கள்.

அடுத்த நடன இரவில் அவரிடம் இப்படிக் கேளுங்கள்: 'தட்டை இங்கே கொண்டுவாருங்கள், வளையத்தைப் பார்க்கிறேன், முழுதாக ஒரு முறை ஓடவிடுவோம், ரசீதோடு அட்டையில் கட்டுகிறேன்.' ஒரு சின்ன டார்ச்சும் நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரி ஒரு பூதக்கண்ணாடியும் கையில் இருக்கட்டும். கொண்டுவந்தால் இரு பக்க வளையத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் பணம் கொடுத்துவிடாதீர்கள்.