எல்லோரும் சிரித்தார்கள், என்னால் முடியவில்லை

வணக்கம் மேடம்.

ஒரு சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன். இதற்கெல்லாமா ஆலோசனை கேட்பது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வாரமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

எனக்கு 37 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விவாகரத்தாகி இரண்டரை வருடம் ஆகிறது. பரஸ்பர சம்மதத்தில்தான் பிரிந்தோம். ஒரே பெண், பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. என்னோடும் என் அம்மாவோடும் இருக்கிறாள். மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அவள் அப்பாவோடு இருப்பாள்.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தபோது டிவியில் ‘அவ்வை சண்முகி’ போட்டார்கள். தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விடுகிறாள். குழந்தை அவளிடம். மகளைப் பார்க்காமல் இருக்க முடியாத கணவன் மடிசார் கட்டி மாமியாக வேஷம் போட்டுக்கொண்டு, மாமனார் வீட்டுக்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறான். ஜெமினி கணேசனும் மணிவண்ணனும் அந்த மாமி பின்னால் சுற்ற, வீடே விழுந்து விழுந்து சிரித்தது. சின்ன வயதில் நானும் அப்படிச் சிரித்தவள்தான். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

பெரியம்மா, “என்ன இருந்தாலும் பெத்த பாசம், பாரு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த மீனா பொண்ணுக்குத்தான் பணத் திமிரு, புருஷன் ஏழைன்னு தூக்கிப் போட்டுட்டா” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணன், “பிள்ளைக்காகச் சேலை கட்டுறான், எவன் செய்வான்?” என்றார். அண்ணிக்கு, கடைசியில் சேர்ந்துவிடுகிறார்களே, அதுதான் பிடிக்குமாம். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, “இதோட இங்கிலீஷ் படத்துல சேர மாட்டாங்க அத்தை, அதுதான் ரியல்” என்றான். ஆளுக்கொரு கருத்து. ஒருவருக்குக்கூட அந்தப் பெண் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

நான் கேட்கிறேன் மேடம். ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லி, கோர்ட்டும் சரி என்று சொன்ன பிறகு, பொய்ப் பெயரில் அவள் வீட்டுக்குள் நுழைவது பாசமா? அவள் யாரோ பெரியவர் என்று நம்பி மனதில் இருப்பதைச் சொல்கிறாள், இவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். இது சிரிக்கிற விஷயமா?

என் கணவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை நீட்டியதில்லை, குடிப்பதில்லை. ஆனால் ஒரு வேலையில் ஒரு வருடம் நிலைத்ததில்லை. என் பீரோவில் இருந்த வளையல்களை அடகு வைத்திருந்தது, ரசீதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். கேட்டால் சிரிப்பார். பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார், நான் கீழே பால்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போதும் அப்படித்தான். மாதத்தில் இரண்டு நாள் அவர் ஐஸ்கிரீம், நான் மீதி நாளெல்லாம் வீட்டுப்பாடம், பல் தேய், சீக்கிரம் தூங்கு. போன மாதம் அவரிடம் போய்விட்டு வாசலிலேயே ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கு மட்டும் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

படத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் மடியில் சாய்ந்துகொண்டு, “அந்த அம்மாவுக்கு எப்படிம்மா தெரியாம இருக்கும்?” என்று மெதுவாகக் கேட்டாள். சினிமாடி, பேசாமல் பார் என்றேன். அவள் கொஞ்ச நாளாகவே எதையும் என்னிடம் சொல்வதில்லை. அம்மாவின் பழைய போனில் ‘மேத்ஸ் மிஸ்’ என்று ஓர் எண் இருக்கிறது, தினமும் எட்டரை மணிக்கு அதிலிருந்து அழைப்பு வரும், இவள் பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் பார்த்தேன், அது அவர் எண். நான் இதுவரை கேட்கவில்லை, சமையலறையில் குழாயை மூடிவிட்டு நின்று கேட்பதோடு சரி. இதை வக்கீலிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமையைக் குறைத்துவிடலாம் என்று அண்ணன் சொல்கிறார். அது கிடக்கட்டும். பெரியம்மா அப்படிப் பேசியது சரியா? இந்த மாதிரிப் படங்கள் எங்களைப் போன்ற பெண்களை வில்லியாகக் காட்டுவதை யாருமே ஏன் கேட்பதில்லை? பொங்கலுக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. போகாமல் இருந்தால் தப்பா?

இப்படிக்கு,
ஈரோடு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னது சரி. சிரிப்புக்கு நடுவே அந்தப் பெண் ஏமாற்றப்படுகிறாள். பெரியம்மா உங்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

உங்கள் அண்ணன் மகன் சொன்ன ஆங்கிலப் படம் 1993-இல் வந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’. சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் கதை. அதில் அப்பா, மகன் பிறந்தநாளுக்கு வீட்டுக்குள்ளேயே ஆடு, குதிரை என்று கொண்டுவந்து கூத்தடிக்கிறார். வேலையிலிருந்து வரும் அம்மாதான் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் கண்ணுக்கு அவர் திருவிழா, இவள் போலீஸ். அப்புறம் ஒரு காட்சியில், வீட்டு வேலைக்கு வந்த கிழவி என்று நம்பி அவள் தன் மனதைத் திறக்கிறாள். அவரோடு இருந்தபோது நான் எப்படிப்பட்டவளாக ஆனேனோ அது எனக்கே பிடிக்கவில்லை, அழுதுகொண்டே தூங்கினேன் என்று சொல்கிறாள். எதிரே வேஷத்தில் இருப்பவர் அவள் கணவர். 14 வருடம் கூடவே இருந்த மனிதருக்கு அன்றுதான் அது தெரிகிறது. அந்தப் படத்தில் எனக்குச் சிரிப்பு வராத இடம் அது. நீங்கள் பால்காரருக்குப் பதில் சொன்ன கதையைப் படித்ததும் அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். உங்கள் களைப்பு நிஜம். அதை யாரும் கேட்கவில்லை என்ற வலியும் நிஜம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் பெரியம்மாவுக்கும் அண்ணனுக்கும் கமலுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. மகளுக்குச் சில வரிகள்தான். அதையும் ‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிகளைத் தாண்ட முடியவில்லை. மூன்று வாரமாக உங்களைத் தூங்கவிடாதது பெரியம்மாவின் பேச்சு இல்லை அம்மா, எட்டரை மணிக்கு வரும் அந்த அழைப்பு.

பாப்பா கேட்ட கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். “அந்த அம்மாவுக்கு எப்படிம்மா தெரியாம இருக்கும்?” பத்து வயதுப் பிள்ளை சினிமா விமர்சனம் செய்யவில்லை. உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று உங்களைத்தான் கேட்டிருக்கிறாள். ஆங்கிலப் படத்தில் மூத்த பெண்ணும் பையனும் அப்பாவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மாவிடமும் குட்டித் தங்கையிடமும் சொல்லாமல் மறைப்பார்கள். அந்தப் படம் ஒப்பனைக்காக ஆஸ்கர் வாங்கியது. அத்தனை பெரிய ஒப்பனைக்குப் பின்னால் அப்பா ஒளிந்திருக்க, ஒப்பனையே இல்லாமல் அந்த இரண்டு பிள்ளைகளும் சாப்பாட்டு மேசையில் நடித்துக்கொண்டிருப்பார்கள். படம் அதைத் தமாஷாகக் கடந்துவிடும். உங்கள் வீட்டில் அந்த நடிப்பை ஒரே ஒரு பிள்ளை தனியாகச் செய்கிறாள், தினமும்.

ஏன் செய்கிறாள்? அப்பாவிடம் போனில் பேசக் கூடாது என்று நீங்கள் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. அவள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த இரவு அம்மா சாப்பிடவில்லை. தட்டில் அவளுக்கு மட்டும் தோசை. அந்தத் தோசையைத் தின்ற பிள்ளை என்ன புரிந்துகொண்டிருப்பாள்? தன் சந்தோஷம் அம்மாவைப் பட்டினி போடும் என்று புரிந்துகொண்டிருப்பாள். அதற்குப் பிறகு அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு மாற்றுப் பெயர் தேடியிருக்கிறாள். ‘மேத்ஸ் மிஸ்’. எவ்வளவு பொருத்தமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் பாருங்கள், அம்மாவுக்குப் பிடித்த விஷயம் படிப்புதானே. அவள் உங்களை ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். பத்து வயதுக்கு அது ரொம்பக் கனம்.

நீங்கள் செய்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தெரிந்தும் தெரியாதவர் போல, குழாயை மூடிவிட்டு நின்று கேட்கிறீர்கள். நம்பி மனதைத் திறந்தவளின் பேச்சை வேஷத்தில் நின்று கேட்டான் என்றுதானே அந்தக் கணவன் மீது உங்களுக்கு அவ்வளவு கோபம்? பால்கனியில் நிற்கும் பிள்ளையும் யாரும் கேட்கவில்லை என்று நம்பித்தான் பேசுகிறாள்.

அண்ணன் சொன்னதை ஏற்காதீர்கள். அவர் உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், ஆனால் அது தவறான யோசனை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. ஒரு மகள் அப்பாவோடு தினமும் பேசுவது அவள் நலனுக்கு எதிரானது என்று எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்வீர்கள்? அப்படிச் சொன்னால் நீதிபதி பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கக்கூடும். உங்களுக்கு வலிக்கக் கூடாது என்று அவள் மறைத்து வைத்த ஒன்றை, உங்கள் வழக்குக்காக அவளே அங்கே சொல்ல வேண்டி வரும்.

அவள் அப்பா செய்வதும் தப்பு. மகள் பேசும் போனில் தன் எண் ‘மேத்ஸ் மிஸ்’ என்று இருப்பது தெரிந்தே அவர் பேசிக்கொண்டிருந்தால், பெரியவராக நின்று அதை நிறுத்தியிருக்க வேண்டியது அவர். அவருக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள்: எட்டரை மணி அழைப்பு எனக்குச் சம்மதம், இனி மறைக்க வேண்டாம். அடகு ரசீதை அந்த நாலு வரிக்குள் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்ப் படத்தில் கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள் என்று அண்ணிக்கு மகிழ்ச்சி. பாப்பாவும் அந்த முடிவைத்தான் பார்த்தாள். உள்ளுக்குள் அவள் அதற்காகக் காத்திருக்கலாம். ஆங்கிலப் படத்தில் கணவனும் மனைவியும் சேர மாட்டார்கள். அந்த அம்மா தானாக வந்து, தினமும் பள்ளி விட்டதும் பிள்ளைகள் உங்களோடு இருக்கட்டும் என்பாள். கடைசியில் ஒரு டிவி நிகழ்ச்சியில் அதே கிழவி வேஷத்தில் வரும் அப்பா, பெற்றோர் பிரிந்துவிட்ட ஒரு சிறுமி எழுதிய கடிதத்தைப் படித்துப் பதில் சொல்வார். சில அப்பா அம்மா தனித்தனியாக இருக்கும்போதுதான் நன்றாக இருக்கிறார்கள், அதற்காக உன் குடும்பம் இல்லாமல் போய்விடவில்லை என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். இதை உங்கள் பிள்ளைக்கு இதுவரை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்களா? அவள் எல்லாவற்றையும் ஊகித்துக்கொண்டு இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். கையும் களவுமாகப் பிடித்ததுபோல் ஆரம்பிக்காதீர்கள். இரவு அவளுக்குத் தலை பின்னும்போதோ பக்கத்தில் படுத்திருக்கும்போதோ, அவள் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லுங்கள்: “அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியாம இருக்கும்னு கேட்டியே, எனக்குத் தெரியும்டா. அப்பாகூட நீ பேசுறது எனக்குத் தெரியும். நான் கோபப்படல.” அப்புறம் பேசாமல் இருங்கள். அவள் அழலாம், இல்லை என்று சாதிக்கலாம். எதுவானாலும் அன்றைக்கு நீங்களும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் அதை என்னிடம் எழுதுங்கள், அல்லது ஒரு தோழியிடம் சொல்லுங்கள். அவளிடம் இறக்கி வைக்க வேண்டாம்.

பொங்கலுக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். பெரியம்மா மறுபடி பேசினால், அந்தப் படத்துப் பெண்ணுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது பெரியம்மா என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்.

போனில் இருக்கும் அந்தப் பெயரை நீங்கள் மாற்றாதீர்கள். அவளே மாற்றட்டும். ஒரு மாதம் ஆனாலும் கேட்க வேண்டாம். எட்டரை மணிக்கு ‘மேத்ஸ் மிஸ்’ கூப்பிட்டால், போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் குழாயைத் திறந்து பாத்திரத்தைத் தேயுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்