ரூஜ் பார்க் தொகுதி எங்கே போனது?

கேள்வி: கனடாவில் 2021 மத்திய தேர்தலில், ரொறன்ரோவின் ஸ்காபரோ–ரூஜ் பார்க் தொகுதியில் வாக்களித்தேன். இப்போது மத்திய தேர்தல் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. மாகாணத் தேர்தலில் மட்டும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் புதிய தொகுதியில் பதிந்துதர 40 டொலர் கேட்கிறார். என்னுடன் இருக்கும் அம்மா, அப்பா இருவரும் குடியுரிமை பெற்றவர்கள். ஆனால் அவர்கள் பெயரில் எந்தக் கடிதமும் வீட்டுக்கு வருவதில்லை. அவர்களால் வாக்களிக்க முடியுமா?

பதில்: அந்த 40 டொலரைக் கொடுக்க வேண்டாம். பதிவு முற்றிலும் இலவசம். எல்லை மாறியதற்காக யாரும் புதிதாகப் பதியவும் தேவையில்லை. பட்டியலில் உங்கள் முகவரி சரியாக இருந்தால் தொகுதி தானாக மாறும். மத்திய தேர்தலை நடத்தும் எலெக்‌ஷன்ஸ் கனடா இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டுப் பாருங்கள். முழு முகவரி கேட்டால் அதையும் கொடுங்கள். இணையம் வசதியில்லாவிட்டால் 1-800-463-6868க்கு அழைக்கலாம்.

குழப்பத்துக்குக் காரணம் வரைபடம். ராதிகா சிற்சபைஈசன் 2011இல் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) சார்பில் வென்று கனடாவின் முதல் தமிழ் எம்.பி.யானது ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதியில். அதற்கு முன், 1988 முதல் அங்கே தொடர்ந்து வென்று வந்தவர் லிபரல் கட்சியின் டெரெக் லீ. 2015இல் அந்தத் தொகுதியே இல்லாமல் போனது. பெரும்பகுதி ஸ்காபரோ நோர்த் ஆனது. மீதி, வேறு இரண்டு தொகுதிகளின் துண்டுகளோடு சேர்ந்து ரூஜ் பார்க் ஆனது. அங்கே 2015, 2019, 2021 மூன்றிலும் ஹரி ஆனந்தசங்கரி லிபரல் சார்பில் வென்றார். 2025 ஏப்ரல் 28 மத்திய தேர்தலில் எல்லை மறுபடி மாறி, அவர் வென்ற தொகுதியின் பெயர் ஸ்காபரோ–கில்ட்வூட்–ரூஜ் பார்க். அதற்கு இரண்டு மாதம் முன், பெப்ரவரி 27இல் நடந்த மாகாணத் தேர்தலோ பழைய எல்லையிலேயே நடந்தது. மாகாண ரூஜ் பார்க்கில் 2018 முதல் வென்றுவருபவர் முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சியின் விஜய் தணிகாசலம். ஆகவே "ரூஜ் பார்க் இன்னாருடைய கோட்டை" என்று யாராவது சொன்னால், எந்தத் தேர்தல், எந்த ஆண்டு என்று கேளுங்கள். ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு வரைபடங்களை வைத்துக்கொண்டு வாக்காளரைத் திணறவிடுவது நியாயமே இல்லை.

இனி பெற்றோர். மத்திய தேர்தலில் அவர்களால் வாக்களிக்க முடியும். தபாலில் வரும் வாக்காளர் தகவல் அட்டை அவர்கள் பெயரில் வந்திருந்தால், அதோடு பெயருள்ள இன்னொரு அட்டை போதும். ஒன்ராறியோ சுகாதார அட்டை எடுபடும். தகவல் அட்டை மட்டும் போதாது. கடவுச்சீட்டை முகவரிச் சான்றாக நம்பிப் போகாதீர்கள். அதில் முகவரியை நாமே கையால் எழுதுகிறோம், அது செல்லாது. 2015இல் தகவல் அட்டையை ஏற்காமல் திருப்பி அனுப்பினார்கள், அந்த நினைவில் இன்னும் பலர் அதைக் குப்பையில் போடுகிறார்கள். 2018இல் சட்டம் மாறிவிட்டது, பத்திரமாக வையுங்கள். அதில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறியிருந்தால் தேர்தல் நாளுக்கு முன்பே அழைத்துத் திருத்துங்கள்.

அட்டையே வராவிட்டால், அதே வாக்குச்சாவடியில் வாக்களிக்க வேண்டிய, அவர்களை அறிந்த ஒருவர், இவர் இன்னார், இந்த முகவரியில் வசிப்பவர் என்று எழுத்தில் உறுதி கொடுக்கலாம். இங்கேதான் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன: ஒருவர் ஒருவருக்கு மட்டுமே உறுதி கொடுக்கலாம். நீங்கள் அம்மாவுக்குக் கொடுத்தால் அப்பாவுக்கு உங்கள் மனைவியோ வளர்ந்த பிள்ளையோ கொடுக்க வேண்டும். உங்கள் உறுதியால் வாக்களித்த அம்மா, அப்பாவுக்குக் கொடுக்க முடியாது. கொடுப்பவரிடம் தன் அடையாளமும் முகவரிச் சான்றும் இருக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாகப் போங்கள்.

உங்கள் தெரிந்தவர் போன்றவர்கள் அடுத்து தபால் வாக்குக்கு விண்ணப்பித்துத் தருவதாகச் சொல்வார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு சாவடியில் சாதாரணமாக வாக்களிக்க முடியாது. தபால் வாக்குச் சீட்டில் வேட்பாளரின் பெயரை எழுத வேண்டும். கட்சியின் பெயரை மட்டும் எழுதினால் செல்லாது. பெற்றோரின் சீட்டு இன்னொருவர் கையில் போகவே கூடாது.

கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் காலத்தில் கட்சி உறுப்பினர் படிவத்தோடு வருகிறவர்களிடமும் இதே கவனம் தேவை. அந்தப் படிவம் தேர்தல் பதிவு அல்ல. லிபரல் கட்சியில் பதியக் கட்டணமே கிடையாது. கட்டணம் கேட்கும் கட்சியானால் உங்கள் கடன் அட்டையில் நீங்களே கட்டுங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் படம் எடுக்க அனுமதிக்காதீர்கள்.

தேர்தல் நாளுக்கு முன் பத்தாம் நாள் தொடங்கி நான்கு நாள் முன்கூட்டிய வாக்களிப்பு உண்டு. பெற்றோரை அப்போதே கூட்டிப் போங்கள். ஏதாவது தாள் குறைந்தால் எடுத்துக்கொண்டு திரும்பிப் போக நாள் இருக்கும்.