ஒன்றரை வயதுக் குதிரைக் குட்டியை ஒரே மாதத்தில் ஏறி ஓட்டும்படி பழக்க முடியுமா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நிலைமை இதுதான். ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்கள். ஒன்றரை வயது மார்வாரி ஆண் குட்டி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. எட்டாவது படிக்கும் பையன் பக்கத்தில் நின்று அழாத குறையாகக் கேட்டிருப்பான், வாங்கிவிட்டீர்கள். இப்போது உள்ளூரில் குதிரை பழக்குகிற ஒருவர், "ஒரே மாசத்துல ஏறி ஓட்டற மாதிரி பண்ணிக் குடுத்தர்றேனுங்க" என்கிறார். அவரிடம் விடலாமா என்று கேட்கிறீர்கள்.

விடாதீர்கள். முடியுமா என்று கேட்டால், முடியும். தண்ணீர் காட்டாமல் வெயிலில் கட்டிப்போட்டு, நுரை தள்ள வட்டம் சுற்றவிட்டு, ஒரு மாதம் எதற்கு, ஒரு வாரத்திலேயே அந்தக் குட்டியின் முதுகில் ஆளை உட்கார வைத்துக் காட்டுவார்கள். அப்புறம் அதை உங்கள் பையன் கையில் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கால்நடை மருத்துவர் இல்லை. ரைடிங் ஸ்கூல் சர்டிபிகேட்டும் கிடையாது. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் நாலைந்து குதிரை வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் அப்பாரு வண்டிக் குதிரை வைத்திருந்தவர் என்பதால் சின்ன வயதிலிருந்தே குதிரைச் சாணி அள்ளிப் பழக்கம். குட்டியிலிருந்து ஏறி ஓட்டும் வரைக்கும் கொண்டுவந்த குதிரைகள் எங்கள் தோட்டத்தில் இப்போதும் நிற்கின்றன. "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்று எழுத வருகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இது பழகிப்போன பேச்சு.

முதலில் வயதைச் சரிபாருங்கள். சந்தையில் வயதைக் கூட்டிச் சொல்வதும் உண்டு, குறைத்துச் சொல்வதும் உண்டு. வாங்குகிறவர் ஏறத் துடிக்கிறார் என்று தெரிந்தால் இரண்டு வயதுக் குட்டி மூன்று வயதாகிவிடும். குட்டியின் உதட்டை விரலால் விலக்கி முன்பல்லைப் பாருங்கள். பால் பல் சின்னதாக, வெள்ளையாக, ஈறோடு சேரும் இடத்தில் இடுங்கி இருக்கும். விழுந்து முளைத்த பல் அகலமாக, கொஞ்சம் மஞ்சளாக, மேலும் கீழும் கோடு விழுந்து இருக்கும். நடு ஜோடி ஏறக்குறைய இரண்டரை வயதில் மாறும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். எல்லாமே பால் பல்லாக இருந்தால் இன்னும் இரண்டரை ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சந்தையில் சுழி பார்க்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள், நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று கதை கதையாகச் சொல்வார்கள். குளம்பைத் தூக்கிப் பார்க்கிற ஆளையும் வாயைத் திறந்து பார்க்கிற ஆளையும் தேடத்தான் வேண்டும்.

பல் விஷயம் வயதோடு முடிவதில்லை. அந்த இரண்டரையிலிருந்து நாலரை வரைக்கும் முன்பல் மட்டுமல்ல, கடைவாயிலும் பால் பற்கள் கழன்று புதிதாக முளைக்கின்றன. ஈறு வீங்கி வலிக்கும் காலம். போதாததற்குச் சில குட்டிகளுக்கு மேல் கடைவாய்க்கு முன்னால் பட்டாணி அளவில் ஒரு பல் இருக்கும். கடிவாள இரும்பு போய் இடிப்பது சரியாக அந்த இடத்தில்தான். வலியில் தலையைத் தூக்கி உதறினால் நம் ஆட்கள் வைக்கிற பெயர் "முரட்டுக் குதிரை". வைத்தியம், முள் வைத்த கடிவாளம். இழுவை விலங்குகள், பொதி விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகள் 1965லேயே முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்துவிட்டன. சந்தைக் கடையில் இன்றைக்கும் தொங்குகிறது.

அடுத்தது எலும்பு. குதிரையின் கால் எலும்புகள் நுனியில் வளர்ந்துகொண்டே இருக்கும், அந்த நுனிகள் கீழிருந்து மேலாக இறுகும். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள நுனி இறுக இரண்டு, இரண்டரை வயதாகும். எல்லாவற்றுக்கும் கடைசி முதுகெலும்பு, அதற்கு ஐந்து வயதும் தாண்டும். நாம் உட்காருவது முதுகில். வியன்னாவில் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல் என்று நூற்றாண்டுக் கணக்காக நடக்கும் பள்ளி இருக்கிறது. லிப்பிசானர் என்கிற இனத்துக் குட்டிகளை மேய்ச்சலில் திரியவிட்டு, நாலு வயதை ஒட்டித்தான் பயிற்சிக்கே கொண்டுவருகிறார்கள். இருபது வயது தாண்டியும் அந்தக் குதிரைகள் வேலை செய்கின்றன.

"ரேஸ் குதிரை இரண்டு வயதில் ஓடுகிறதே" என்று யாராவது கேட்பீர்கள். ஓடுகிறது. அதன் மேல் ஏறுகிறவர் ஐம்பது கிலோவை ஒட்டி இருப்பார், தினமும் காலைத் தடவிப் பார்க்க ஆள் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், அதன் தொழிலும் சில வருடங்களில் முடிந்துவிடும். நீங்கள் வாங்கியிருப்பது பையன் காலேஜ் போகும் வரைக்கும் ஏறுவதற்கான குதிரை. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இளம் எலும்புக்கு ஓட்டம் வேண்டும், ஓடினால்தான் எலும்பு கெட்டிப்படும். ஆனால் அது ஆள் இல்லாமல், தானாக, தோட்டத்தில் ஓடுகிற ஓட்டம். ஏறவில்லை என்பதற்காக இருபத்து நாலு மணி நேரமும் கொட்டகையில் கட்டிப்போட்டால் அதுவும் கெடுதல்தான்.

இனி என் கதை. வள்ளி என்று ஒரு பெட்டை வைத்திருக்கிறேன், செவலை, நெற்றியில் வெள்ளை. அவளும் அந்தியூர்தான். வந்த அன்றைக்கே மற்றக் குதிரைகளை விட்டுத் தள்ளிக் கட்டி, ரத்தம் எடுத்து, கிளாண்டர்ஸ் என்கிற தொற்றுநோய் இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பினேன். அதற்கே "காசு முத்திப்போச்சா" என்று கேட்டார்கள். அப்புறம் ஏறாமல் வைத்திருந்ததைப் பார்த்து ஊர் பேசியதை எழுதினால் தனிப் பதிலே போடலாம். பால் சொசைட்டிக்குப் போனால், "என்னங்கம்மணி, தீனி போட்டுச் சும்மா நிறுத்தி வெச்சிருக்கறீங்களாமா?" என்பார்கள். மாமா எதுவும் சொல்ல மாட்டார், கொள்ளு மூட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

சும்மா ஒன்றும் நிற்கவில்லை. கட்டினால் நிற்பதையே பாடமாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. வேப்பமரத்தில் பழைய லாரி டியூபை வளையமாகக் கட்டி, தலைக்கயிற்றை அதில் முடிந்தேன், ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக. குட்டி பயந்து பின்னால் இழுத்தால் டியூப் நீண்டு கொடுக்கும், கழுத்து சுளுக்காது, விட்டதும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். முதலில் உடம்பையெல்லாம் போட்டு இழுத்தாள். போகப்போக லேசாகச் சாய்ந்து பார்ப்பாள், டியூப் இழுக்கும், பெருமூச்சு விட்டு ஒரு அடி முன்னால் வந்து நிற்பாள். பக்கத்தில் நானும் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

குளம்பு தூக்கிக் கொடுப்பது, தார்ப்பாய் சத்தம், பைக், குடை, மேளம், எல்லாவற்றையும் காட்டினேன். இடது பக்கம் காட்டியதை வலது பக்கமும் காட்ட வேண்டும். குதிரைக்கு இரண்டு கண்ணும் தலையின் இரண்டு ஓரத்தில். ஒரு பக்கம் பழகிய குடையை மறுபக்கம் பார்த்தால் சில சமயம் புதுக் குடை போலவே மிரளும். அப்புறம் வட்டம் சுற்றவிடுவதை அளவோடு வைத்துக்கொண்டு, இரண்டு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, ஏர் ஓட்டுகிற மாதிரி ஓட்டினேன். வலம், இடம், நில், பின்னால் போ, எல்லாம் அதிலேயே படிந்துவிடும், முதுகில் ஒரு கிலோ ஏறாமல். வாய்க்கால் மேட்டில் நாங்கள் இருவரும் இப்படி நடப்பதைப் பார்த்து டவுன் பஸ் டிரைவர் ஏர் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். கிண்டலுக்குத்தான் அடித்தார், எனக்கு அது இலவசப் பயிற்சி.

சேணத்தில் ஒரு சங்கதி. சேணம் வைப்பதை எந்தக் குட்டியும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. வயிற்றுப் பட்டையை இறுக்கும்போதுதான் விவகாரம். வள்ளி மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டு, காதைப் பின்னால் மடக்கி, வாலை ஒட்டிக்கொண்டு நின்றாள். அந்த நிலையில் ஒரு ஓட்டை அதிகமாக இறுக்கினால் அடுத்த நொடி துள்ளல்தான். தொங்காமல் இருக்கிற அளவுக்கு மட்டும் மாட்டி, கொஞ்சம் நடத்திக் கூட்டிப்போய், மூச்சு விட்டதும் ஒரு ஓட்டை, மறுபடி நடை, மறுபடி ஒரு ஓட்டை. மூன்று வயது நன்றாகத் தாண்டிய பிறகு, என் கொழுந்தனார் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் குப்புற வயிற்றைப் போட்டுப் படுத்தேன். அது பழகிய பிறகு காலைப் போட்டு உட்கார்ந்தேன். வள்ளி கழுத்தைத் திருப்பி என் முழங்காலை முகர்ந்தாள், அங்கவடியைக் கடித்துப் பார்த்தாள், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். "இவ்வளவுதானா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதே சமயம் எங்கள் பக்கத்தில் இன்னொருவர் குட்டி ஒன்று, உங்கள் குட்டி வயதுதான், ஒரு மாதப் பழக்கத்துக்குப் போய் வந்தது. தார் ரோட்டில் ரேவால் என்கிற மார்வாரிக் குதிரை நடை போட வைத்து வீடியோ எல்லாம் வந்தது, பார்க்க ஜோராகத்தான் இருந்தது. முன்னங்கால் முட்டி இரண்டும் தடித்து, கடைசியில் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் வாங்கிப் போனார்கள். இதை வைத்து எல்லா ஒரு மாதக்காரர்களும் மோசம் என்று நான் சொல்லவில்லை. வயது வந்த குதிரையை ஒரு மாதத்தில் ஓரளவு கொண்டுவரும் நல்ல கை உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஒன்றரை வயதுக் குட்டியைப் பழக்க ஒப்புக்கொள்கிற ஆளிடம்தான் எனக்குச் சந்தேகம்.

கல்யாணம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இந்த ப்ரீ-வெட்டிங் போட்டோ எடுக்கிறவர்கள். தோட்டத்தில் குதிரை இருக்கிறது என்று எப்படித்தான் தெரியுமோ, ஞாயிறானால் காரில் வந்து இறங்கிவிடுகிறார்கள். இளம் குதிரை, ஆகாது என்றால், "சும்மா பக்கத்துல நிக்கறோம்" என்பார்கள். பார்த்தால் தலைக்கு மேல் டிரோன் ரீங்காரம் போடும், பெண் தரையில் புரள்கிற கவுனோடு குதிரையின் பின்னங்காலுக்கு நேராக நிற்பாள். போன தடவை மஞ்சள் பாத்தியில் இறங்கி இரண்டு பேரும் கைகோத்து ஓடினார்கள், பத்து டேக். மிதித்த மஞ்சளுக்கு யார் காசு கொடுப்பது? முகூர்த்தம் இன்னும் மூன்று மாதம் இருக்கிறதாம், அதற்குள் மண்டபச் செலவில் பாதியை ஆல்பத்துக்கே கொடுத்தாயிற்று என்று அந்தப் பெண்ணின் அம்மா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார்கள். சரி, விடுங்கள்.

தீனி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கோ-4 புல்லும் தவிடும் போடுகிறேன் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் பக்கென்றது. மாட்டுக்கு அது சரி. கோ-4, நேப்பியர் ரகப் புல்லில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு குதிரைக்குக் கிடைக்கவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் சுண்ணாம்புச் சத்தைக் கெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்தே சத்தை உருவும், முகத்து எலும்பு வீங்கிவிடும், நொண்டும். வளரும் குட்டிக்கு இதைவிடக் கெட்ட கூட்டணி கிடையாது. குதிரை மசால் (லூசெர்ன் என்கிற தீவனப் பயிர்) கொஞ்சம் போடுங்கள், சோளத்தட்டு, காய்ந்த புல் போடுங்கள், தவிட்டைக் குறையுங்கள், தாது உப்புக்கு டாக்டரைக் கேளுங்கள். எதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், சிறிது சிறிதாக மாற்றுங்கள். குதிரைக்கு வாந்தி எடுக்கத் தெரியாது, வயிற்று வலி வந்தால் உயிரே போகலாம்.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். ஆண் குட்டி, ஏறப்போவது சின்னப் பையன். இரண்டு வயதை நெருங்கும்போது கடிக்கவும் முன்னங்காலைத் தூக்கவும் ஆரம்பிக்கும். இனப்பெருக்கத்துக்கு வைக்கும் எண்ணம் இல்லையென்றால் டாக்டரை வைத்து, மயக்க ஊசி போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டுக் காயடித்துவிடுங்கள். "கம்பீரம் போயிடும்" என்று நாலு பேர் வருவார்கள், அவர்கள் யாரும் உங்கள் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை. கையில் வெல்லம் வைத்து ஊட்டுவதையும் பையனை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், தொட்டியில் போடட்டும்.

எடையும் ஒரு கணக்கு. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகச் சொல்வது, அதுவும் வளர்ந்து முடிந்த குதிரைக்கு. 350 கிலோக் குதிரை என்றால் 70 கிலோ. நீங்கள் 82 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வருடம் பையன் மட்டும் ஏறட்டும், நீங்கள் கயிற்றைப் பிடித்து நடங்கள்.

முன்பல்லை நேராகவும் பக்கவாட்டிலும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள், வயது ஏறத்தாழச் சொல்கிறேன். நாலு குளம்பும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நிறுத்தி ஒன்று எடுங்கள், சிமெண்ட் தரையில். கடைசியாக எப்போது குளம்பு சீவினார்கள் என்பதையும் விற்றவரிடம் கேட்டு எழுதுங்கள். லாடம் அடிக்க யாராவது வந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.