வாட்டர் கெஃபிர்: நேரம், தண்ணீர், மணிகள் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வாட்டர் கெஃபிர் பற்றியவை. சர்க்கரைத் தண்ணீரில் ‘கெஃபிர் மணிகள்’ என்ற நுண்ணுயிர்க் கட்டிகளைப் போட்டுப் புளிக்கவைக்கும் பானம் இது. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: கெஃபிர் மணிகள் முதன்முறையாகக் கைக்கு வந்திருக்கின்றன. அளவோடு செய்முறை வேண்டும்.

1 லிட்டர் தண்ணீர், 60 முதல் 70 கிராம் வெள்ளைச் சர்க்கரை, வடித்தெடுத்த மணிகள் 50 கிராம் (மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி), உலர் அத்திப்பழம் ஒன்று, எலுமிச்சை வில்லை ஒன்று. இவ்வளவுதான் தேவை.

சர்க்கரையை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, மீதித் தண்ணீரைப் பச்சையாக ஊற்றுங்கள். பாத்திரத்தின் வெளிப்புறம் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே மணிகளைப் போட வேண்டும். சூட்டோடு போட்டால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் செத்துவிடும், அதன்பின் எதைச் சேர்த்தாலும் மீளாது. கண்ணாடி ஜாடியில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். மூடியை இறுக்காமல் வைத்து, வெயில் படாத இடத்தில் விடுங்கள். அத்திப்பழம் மேலே மிதந்து, மணிகள் ஒன்றிரண்டு ஏறி இறங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

வடிகட்டியதும் பழத்தையும் எலுமிச்சையையும் எறிந்துவிட்டு, மணிகளை உடனே புதுச் சர்க்கரைத் தண்ணீரில் போடுங்கள். ஒவ்வொரு முறையும் மணிகளைக் கழுவ வேண்டியதில்லை.

மணிகள் என்ற பெயர் இருந்தாலும் இவை விதையோ தானியமோ அல்ல. சில பாக்டீரியாக்கள் சர்க்கரையிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்ற பசைப்பொருளை உருவாக்குகின்றன. அதில் லாக்டிக் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒட்டிக் குடியிருக்கும் கட்டிதான் மணி. கீழே வரும் பல சிக்கல்களுக்குக் காரணம் இந்த டெக்ஸ்ட்ரான் கதையில்தான் இருக்கிறது.

கேள்வி: சிலர் 24 மணி நேரம் என்கிறார்கள், சிலர் 48 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, வெப்பநிலைதான் வேறு. 20 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் பிடிப்பது, 25 டிகிரியில் 24 முதல் 36 மணி நேரத்தில் முடிந்துவிடும். 30 டிகிரியை நெருங்கினால் 18 மணி நேரத்திலேயே ருசி பார்க்கத் தொடங்குங்கள். இனிப்பு குறைந்து, நாக்கில் இலேசான புளிப்பும் சுறுசுறுப்பும் தெரியும்போது வடித்துவிடுங்கள். மணிகளை ஒரே நீரில் மூன்று நாளுக்கு மேல் அறை வெப்பத்தில் விடவே விடாதீர்கள். சர்க்கரை தீர்ந்து பட்டினி கிடக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சேர்ந்துபோகும் அமிலம்.

கேள்வி: பானம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் மணிகள் பெருகவே இல்லை. நாளுக்கு நாள் பொடிப்பொடியாகின்றன. சத்து போதவில்லை என்று உலர்திராட்சையும் வெல்லமும் கூட்டிப் பார்த்தேன். பயனில்லை.

இதே குறையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருமே சத்தைக் கூட்டித்தான் பார்த்திருக்கிறார்கள். சத்தைக் கூட்டினால் நுண்ணுயிர்கள் இன்னும் வேகமாகப் புளிக்கவைக்கும், அமிலம் இன்னும் ஏறும். மணிகள் வளராமல் போவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது பசியை அல்ல, புளிப்பை.

பெல்ஜியத்தில் வாட்டர் கெஃபிர் குறித்து நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. தண்ணீரில் கால்சியமும் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் தன்மையும் குறைவாக இருந்தால் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) சட்டென்று சரிகிறது. அந்தக் கடும் புளிப்பில் டெக்ஸ்ட்ரான் உருவாவது குன்றிவிடுகிறது. டெக்ஸ்ட்ரானைக் கட்டும் நொதிக்கே கால்சியம் தேவை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரிலும் காய்ச்சி வடித்த நீரிலும் கால்சியம், அமிலத்தைத் தாங்கும் தன்மை இரண்டுமே ஏறக்குறைய இல்லை.

இன்னொரு சுழலும் இருக்கிறது. கல் உப்பை விடப் பொடி உப்பு வேகமாகக் கரைவதுபோல, சின்ன மணிகளுக்கு எடையை ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். அதில் ஒட்டியிருக்கும் உயிர்களும் அதிகம், அதனால் அமிலமும் வேகமாக ஏறும். புளிப்பு மணிகளைச் சிறிதாக்குகிறது. சிறிதான மணிகள் புளிப்பைக் கூட்டுகின்றன.

இதை வரிசையாகத்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அதே அளவில் மூன்று நான்கு சுற்று ஓட்டிப் பாருங்கள். முதலில் நேரத்தைக் குறையுங்கள்: 48 மணி நேரம் விட்டிருந்தால் 24 ஆக்குங்கள். அடுத்து மணிகளை எடை போடுங்கள். லிட்டருக்கு 100 கிராம், 150 கிராம் என்று கிடந்தால் அரைநாளில் சர்க்கரையைத் தீர்த்துவிட்டு மீதி நேரம் அமிலத்தில் ஊறும். 50 கிராமை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

அதன்பிறகுதான் தண்ணீர். ஆர்.ஓ. நீர் பயன்படுத்துபவர்கள் கடினத்தன்மை உள்ள குடிநீருக்கு மாறிப் பார்க்கலாம். அது கிடைக்காவிட்டால் லிட்டருக்கு ஒரு சிட்டிகை, அதாவது கால் தேக்கரண்டியில் பாதிக்கு மேல் போகாமல் சமையல் சோடா சேர்த்து, நன்றாகக் கழுவி பத்து நிமிடம் கொதிக்கவைத்த முட்டை ஓட்டில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு போடுங்கள். ஓடு மெல்லக் கரைந்து அமிலத்தையும் தணிக்கும், கால்சியமும் தரும். எலுமிச்சை வில்லையை அந்தச் சுற்றுகளில் சேர்க்காதீர்கள்.

குழாய் நீரானால் குளோரினைக் கவனியுங்கள். கொதிக்கவைத்து ஆறவிட்டால் போய்விடும், ஒரு நாள் திறந்து வைத்தாலும் போகும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீர் மட்டும் இதற்கு அசையாது. அதற்குக் கரி வடிகட்டி வேண்டும்.

மணிகள் பெருகாவிட்டாலும் பானம் ருசியாக, ஒரே சீராக வந்தால் குடிப்பதில் தவறில்லை. பெருக்கம் நின்றது எச்சரிக்கைதான், அதற்காகப் பானம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் தேன், வெல்லம், குளுக்கோஸ் அல்லது செயற்கை இனிப்பு போடலாமா?

டெக்ஸ்ட்ரானுக்கு மூலப்பொருள் சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரை. குளுக்கோஸும் தேனும் புளிக்கும், ஆனால் மணிகளைக் கட்டும் சரக்கு அவற்றில் இல்லை. தேனுக்குக் கிருமிகளைத் தடுக்கும் குணமும் உண்டு. செயற்கை இனிப்பில் எதுவும் நடக்காது. வெல்லத்தில் சுக்ரோஸும் தாதுக்களும் இருப்பதால் கால் பங்கு வெல்லம், முக்கால் பங்கு சர்க்கரை என்று கலக்கலாம். மணிகள் பழுப்பாகும், கவலை வேண்டாம். முழுக்க வெல்லம் என்றால் பல வீடுகளில் அடுத்த கேள்வியில் உள்ள சிக்கல்தான் வருகிறது.

கேள்வி: பானம் கொழகொழவென்று நூல் இழுக்கிறது. மணிகளும் வழுக்குகின்றன.

டெக்ஸ்ட்ரான் மணியில் கெட்டியாகச் சேராமல் நீரிலேயே கரைந்து நிற்கிறது. உலரவைத்த மணிகளை உயிர்ப்பிக்கும் முதல் சில சுற்றுகளில் இது சகஜம், தானே சரியாகும். நன்றாக நடந்துகொண்டிருந்த மணிகளில் திடீரென்று வந்தால் தாது அதிகம் அல்லது சூடு அதிகம். வெல்லம், சோடா, முட்டை ஓடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குளோரின் இல்லாத நீரில் மணிகளை அலசி, வெறும் வெள்ளைச் சர்க்கரையும் ஒரு அத்திப்பழமும் போட்டு, வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த மூலையில் 24 மணி நேரச் சுற்றுகளாக ஓட்டுங்கள். விரலில் அழுத்தினால் வழுக்காமல் துண்டுதுண்டாக உடைய வேண்டும். அந்தப் பதம் வந்துவிட்டால் மணி தேறிவிட்டது.

கேள்வி: அழுகிய முட்டை வாடை வருகிறது. கொட்டிவிடவா?

மணிகளைக் கொட்ட வேண்டாம். நைட்ரஜன் சத்து போதாதபோது ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும். பளபளவென்று மஞ்சளாக இருக்கும் உலர்பழங்களில் நிறம் மங்காமலிருக்க கந்தக டை ஆக்சைடு சேர்த்திருப்பார்கள், அதுவும் காரணம். கந்தகம் சேர்க்காத, கருத்த நிறமுள்ள அத்தி அல்லது உலர்திராட்சைக்கு மாறுங்கள். மணிகளை ஒருமுறை அலசிவிடுங்கள்.

கேள்வி: மேலே வெள்ளையாகப் படலம்.

மெல்லிய, சுருக்கம் விழுந்த, ரோமம் இல்லாத படலம் என்றால் காற்றை விரும்பும் ஈஸ்ட். வழித்தெடுத்துவிட்டு, மிதக்கும் பழத்தை நீருக்குள் அமிழ்த்தி வையுங்கள். பஞ்சுபோல, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறத்தோடு வந்தால் பூஞ்சை. பானம், மணிகள் இரண்டையுமே தூக்கிப்போடுங்கள். மேலாக வழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும்.

கேள்வி: எஃகுக் கரண்டி பட்டால் மணிகள் செத்துவிடுமாமே?

இல்லை. எவர்சில்வர் வடிகட்டியும் கரண்டியும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அலுமினியம், செம்பு, பித்தளை கூடாது. அமிலம் அவற்றை அரித்துப் பானத்தில் கலக்கும்.

கேள்வி: வடித்த கெஃபிரில் பழச்சாறு சேர்த்துப் பாட்டிலில் அடைத்தால் சில சமயம் நுரையே இல்லை, ஒருமுறை பாட்டில் வெடித்துவிட்டது.

இதில் கணக்கு தெரிந்திருப்பது அவசியம். ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை முழுதாகப் புளித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு பிறக்கும். வடித்த கெஃபிரில் மிஞ்சிய சர்க்கரையும் நீங்கள் ஊற்றிய பழச்சாறும் சேர்ந்து லிட்டருக்கு 20 கிராம் இருந்தாலே ஐந்து லிட்டர் வாயு ஒரு பாட்டிலுக்குள் அடைபடும். பல பாட்டில்கள் அதைத் தாங்காது. அலங்காரச் சதுரப் பாட்டில்களை இதற்கு எடுக்கவே கூடாது.

நான்கு பங்கு கெஃபிருக்கு ஒரு பங்கு சாறு. கழுத்தில் 3 சென்டிமீட்டர் காலி. சோடா போன்ற வாயுப் பானங்களுக்கென்றே செய்த தடித்த பாட்டில். கூடவே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே கலவையை நிரப்பி வையுங்கள். 12 மணி நேரத்திலிருந்து அதை அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியதும் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள், நன்கு குளிர்ந்த பிறகே திறங்கள். நுரை வரவில்லை என்றால் பெரும்பாலும் மூடியின் ரப்பர் வளையம் கசிகிறது, அல்லது மணிகள் இன்னும் முழுதாகத் தேறவில்லை.

கேள்வி: ஒரு மாதம் வெளியூர் போகிறோம்.

மூன்று வாரம் வரை என்றால் புதுச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் போதும். அதற்கு மேல் என்றால் உலர்த்துவதே நல்லது. குளோரின் இல்லாத நீரில் அலசி, காகிதத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மெல்லிய துணி மூடி, காற்றோட்டமான நிழலில் மூன்று முதல் ஐந்து நாள். வெயிலும் அடுப்புச் சூடும் ஆகாது. பழுப்புக் கண்ணாடித் துண்டுபோல இறுகியதும் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் ஆறு மாதம் வரை வைக்கலாம். திரும்ப எடுக்கும்போது அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை கரைத்து மூன்று நான்கு நாள் ஊறவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயாளிகளும் குழந்தைகளும் குடிக்கலாமா?

புளிப்பு ஏறியதால் இனிப்பு தெரியவில்லையே தவிர, சர்க்கரை முழுதும் தீர்ந்துவிடுவதில்லை. நாக்கை நம்பி அளவு முடிவுசெய்யக் கூடாது. ஈஸ்ட் இருப்பதால் ஆல்கஹாலும் இருக்கும். சாதாரணமாக 1 சதவீதத்தை ஒட்டி இருப்பது, சாறு சேர்த்துப் பாட்டிலில் வைத்தால் கூடும். வீட்டில் அதைத் துல்லியமாக அளக்க வழியில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், மதுப்பழக்கத்தை விட்டவர்கள் தவிர்ப்பதே சரி. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: மறந்துபோய் நான்கு நாள் விட்டுவிட்டேன். குடிக்க முடியாத புளிப்பு.

மணிகளை உடனே எடுத்து அலசி, புதுச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டு 24 மணி நேரச் சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். மிஞ்சிய நீரைத் துணி கட்டிக் காற்றுப் படும்படி இரண்டு மூன்று வாரம் விட்டால், அசிட்டிக் பாக்டீரியா அதை வினிகராக்கும். காய்கறிக் கலவையில் தெளிக்கலாம், பாத்திரத்தின் உப்புக் கறையைத் துடைக்கலாம். அமிலத்தின் அளவு நமக்குத் தெரியாது என்பதால், மாதக்கணக்கில் வெளியே வைக்கும் ஊறுகாய்க்கு மட்டும் அதை ஊற்றாதீர்கள்.