பெரிய மேடையில் இறங்காதவர்கள்

கேள்வி: ஒலிம்பிக், உலகச் சாம்பியன்ஷிப் மாதிரி பெரிய போட்டிகளில், அழுத்தம் கூடக்கூட நன்றாக ஆடும் வீரர்கள் யார்? அது பிறவிக் குணமா, பழக்கமா?

நான் தண்டையார்பேட்டைக்காரன். பள்ளி, மாவட்டத் தடகளப் போட்டிகள் நடக்கும்போது நீளம் தாண்டுதல் குழி ஓரமாக, வெள்ளைக்கொடி சிவப்புக்கொடியோடு ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த வேலைக்குப் போவேன். பெரிதாகப் பணம் கிடையாது. டீயும் மத்தியானம் ஒரு பிரிஞ்சிப் பொட்டலமும் வரும். ஆனால் பதற்றத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அங்கே உட்கார்ந்து எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுத்தம் வந்ததும் தன் சக்திக்கு மேலே போகிறவர்கள் ரொம்பக் குறைவு. அப்படி நாம் நினைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர், மற்றவர்கள் இறங்கும்போது தாங்கள் இறங்காமல் நின்றவர்கள். டிவியில் பார்க்கும் நமக்கு அவர்கள் ஏறியது மாதிரி தெரிகிறது.

2015 பெய்ஜிங் உலகச் சாம்பியன்ஷிப், ஆண்கள் 100 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த சீசன் முழுக்க ஜஸ்டின் கேட்லின் தோற்கவே இல்லை. 9.74 ஓடியிருந்தார். உசேன் போல்ட்டுக்கு அந்த வருடம் 9.87தான் சிறந்த நேரம், அரையிறுதியில் தொடக்கத்திலேயே தடுமாறி 9.96. கேட்லின் அரையிறுதியில் ஓடியது 9.77. இறுதியில் போல்ட் 9.79, கேட்லின் 9.80. அதாவது அரையிறுதியில் ஓடியதையே கேட்லின் திரும்ப ஓடியிருந்தால் தங்கம் அவருக்குத்தான். போல்ட் வருவது தெரிந்ததும் கடைசி சில மீட்டரில் உடம்பைச் சீக்கிரமே முன்னால் தள்ளி நடை குலைந்தார். போல்ட்டும் அன்று தன் சீசன் நேரத்தைவிட நன்றாகவே ஓடினார், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தை முடிவு செய்தது கேட்லினின் சரிவு.

அப்படியானால் நிஜமாகவே மேலே போனவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். குழி ஓரத்து ஆள் என்பதால் எனக்கு முதலில் வருவது 1991 டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப், ஆண்கள் நீளம் தாண்டுதல். மைக் பவெல் அதுவரை கார்ல் லூயிஸை ஒருமுறைகூட வென்றதில்லை. அவருடைய அதிகபட்சம் 8.66. அன்று முதல் தாண்டல் வெறும் 7.85, நான்காவது ஃபவுல் (எம்பும் பலகையைத் தாண்டி மிதித்தால் கணக்கில் வராது). இடையில் லூயிஸ் காற்றின் உதவியோடு 8.91 தாண்டிவிட்டார். பாப் பீமன் 1968இல் மெக்சிகோவில் வைத்த 8.90ஐவிட ஒரு சென்டிமீட்டர் கூட. ஆனால் காற்று அளவுக்கு மேல் வீசியதால் சாதனைக் கணக்கில் சேராது. ஐந்தாவது தாண்டலில் பவெல் 8.95. தன் பழைய சிறப்பைவிட 29 சென்டிமீட்டர் அதிகம்! எங்கள் போட்டிகளில் ஒரு பையன் பத்து சென்டிமீட்டர் கூட்டித் தாண்டினாலே நாங்கள் டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்ப்போம். அந்தச் சாதனை இன்றுவரை நிற்கிறது.

அன்றைய கதையில் பலர் விட்டுவிடும் பாதி ஒன்று இருக்கிறது. 8.95ஐப் பார்த்த பிறகு லூயிஸ் தாண்டியது 8.87, 8.84. காற்று உதவாத தாண்டல்களில் அவர் வாழ்நாளிலேயே அதிகம் அந்த 8.87தான். தோற்றவரும் தன் உச்சத்தை அன்றுதான் தொட்டார். இந்தக் கேள்விக்குப் பட்டியல் போடுகிறவர்கள் பவெல் பெயரை எழுதிவிட்டு லூயிஸை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால்தான் பதக்கப் பட்டியலை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்கிறேன். தடகள முடிவுத் தாளில் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக ‘பிபி’, ‘எஸ்பி’ என்று போட்டிருப்பார்கள். முதலாவது அவரது வாழ்நாள் சிறப்பு, இரண்டாவது அந்த சீசன் சிறப்பு. நான் அந்தப் பத்தியைத்தான் முதலில் பார்ப்பேன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42, வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41. நாற்பது வருடமாக நூறில் ஒரு பங்கு வினாடி என்று புலம்புகிறோம். ஆனால் முதல் முறை நன்றாகக் கிளம்பிய உஷாவை, வேறொருவர் ஃபால்ஸ் ஸ்டார்ட் செய்ததால் திரும்பக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் இந்தியச் சாதனை நேரம் ஓடினார். அழுத்தத்தில் சிறப்பாக ஆடியவர் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? போன வருடம், 2025 டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில் ஈட்டி எறிதலில் சச்சின் யாதவ் 86.27 மீட்டர், வாழ்நாள் சிறப்பு, நான்காம் இடம். ஊடகங்களில் பாதிக்கு மேல் ஓடிய செய்தி நீரஜ் எட்டாவது வந்தது பற்றி.

நீரஜ் சோப்ராவைப் பற்றி வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். 2021இல் தங்கம் வென்ற அதே டோக்கியோ மைதானத்தில்தான் 2025இல் 84.03 எறிந்து எட்டாவது வந்தார். முதுகுப் பிரச்சினையோடு போயிருந்தார். ‘பெரிய மேடை வீரன்’ என்பது ரத்தத்தில் ஓடும் குணம் என்றால் நான்கு வருடத்தில் அது எங்கே போயிற்று? எனக்கு அவருடைய தங்கத்தைவிட 2024 பாரிஸ் வெள்ளி சுவாரசியம். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் இரண்டாவது சுற்றிலேயே 92.97 எறிந்து ஒலிம்பிக் சாதனை வைத்துவிட்டார். அந்தச் சுற்றிலேயே, அவருக்குப் பின்னால் வந்து நீரஜ் 89.45. அந்த சீசனில் அவரது சிறந்த எறிதல். ஆறு வாய்ப்பில் கணக்கில் வந்தது அது ஒன்றுதான், மற்ற ஐந்தும் ஃபவுல். அதுவரை ஒருமுறைகூட 90ஐத் தொடாத ஆள் 93க்குப் பக்கத்தில் போக முட்டி மோதியதன் விலை அதற்குப் பிறகு வந்த நான்கு ஃபவுல்கள். ஆனால் மோதுவதற்கு முன்னால் வெள்ளி பத்திரமாகக் கையில் இருந்தது.

எங்கள் குழி ஓரத்தில் இதன் சின்ன வடிவம் தினமும் நடக்கும். மூன்று சான்ஸ். முதல் இரண்டும் ஃபவுல். மூன்றாவதுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர், பலகையைத் தொடவே கூடாது என்று பயந்து ஓட்டத்தை அடக்கி, ஒரு அடி முன்னாலேயே எம்பிவிடுவார்கள். சிலர் கோபத்தில் இன்னும் வேகமாக வந்து மறுபடி சிவப்புக்கொடி வாங்குவார்கள். எங்கேயாவது ஒரு பெண்ணோ பையனோ நிதானமாக நடந்துபோய், ரன்-அப் குறிக்கு வைத்த செருப்பை அரை அடி பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு, அதே வேகத்தில் ஓடி வரும். ஃபவுல் ஆனால் மாற்றவேண்டியது குறியை, வேகத்தை இல்லை என்று யாரோ முன்னாடியே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தைரியம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த மாதிரி முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவுகள்தான்.

துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா இதை எவ்வளவு தூரம் கொண்டுபோனார் தெரியுமா? 2004 ஏதென்ஸ் இறுதியில் ஏழாவது. அப்புறம் பெய்ஜிங் அரங்கம் பெரியது, வெளிச்சம் வேறு மாதிரி என்று ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, அங்கே அதே மாதிரி அமைத்துப் பயிற்சி செய்தார். (நம்ம ஊரில் மண்டபத்துக்காரர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.) 2008 இறுதிக்குச் சற்று முன் சோதனைக்குச் சுட்டபோது குண்டு நடுவிலிருக்கும் பத்துப் புள்ளியை விட்டு 4 புள்ளி வளையத்தில் போய் விழுந்தது. துப்பாக்கியின் குறிபார்க்கும் பாகம் மாறியிருந்தது. அதைச் சரிசெய்துகொண்டு சுட்ட பத்துக் குண்டில் ஒன்றுகூட 10.0க்குக் கீழே இல்லை. ஒன்பது குண்டு முடிந்தபோது ஃபின்லாந்தின் ஹாக்கினெனும் அவரும் சமம். கடைசிக் குண்டு பிந்த்ரா 10.8, ஹாக்கினென் 9.7. ஹாக்கினென் வெள்ளிகூட இல்லாமல் வெண்கலத்துக்கு இறங்கினார்.

இந்தத் தளத்திலேயே வேறு சில பதில்களில், ‘கஷ்டத்தில் வளர்ந்தவனுக்குப் பயம் கிடையாது, அதனால்தான் வடசென்னையிலிருந்து இவ்வளவு குத்துச்சண்டை வீரர்கள், கேரம் சாம்பியன்கள்’ என்று எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள், ஆனால் எனக்கு எரிச்சலாக வரும். கொருக்குப்பேட்டையிலிருந்து ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து வரும் பையனுக்கு, மாநிலப் போட்டிப் பதக்கம் என்பது ஐசிஎஃப்பிலோ ரயில்வேயிலோ போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கான வழி. வீட்டில் எல்லாரும் அதை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை தோற்றால் அடுத்த வருடம் வரும், இவனுக்கு அடுத்த வருடம் ஒரு கூரியர் கம்பெனி. இவனுக்கு அழுத்தம் அதிகம், அதனால் உடைகிறவர்களும் அதிகம். உடைந்தவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

காசிமாவையே பாருங்கள். புதுவண்ணாரப்பேட்டைப் பெண், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம். செய்தி முழுக்க ‘ஆட்டோ ஓட்டுநர் மகள்’. சரி, உண்மைதான். ஆனால் அந்த அப்பா கேரம் சொல்லிக்கொடுப்பவரும்கூட. சின்ன வயதிலிருந்தே பலகையும் பயிற்சியாளரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிள்ளை என்றும் எழுதலாமே? அவருக்கு முன்னால் வியாசர்பாடியிலிருந்து இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். சென்னைக்காரரான மரிய இருதயம் இரண்டு முறை உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருது வாங்கினார். குத்துச்சண்டையில் வி. தேவராஜன் 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம். இவர்களுக்கு எல்லாம் பின்னால் சாயங்காலம் தவறாமல் திறக்கும் ஏதோ ஒரு கிளப்பும், சலிக்காமல் சொல்லிக்கொடுத்த ஒரு ஆளும் இருந்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்துத் தெருக் கேரம் ஒரு உதவி செய்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். பலகைக்கு மேலே தாழ்வாகத் தொங்கும் விளக்கு, சுற்றி முட்டிக்கொண்டு ஆட்கள். ‘ரெட்’ என்கிற சிவப்புக் காயைப் போட்டாயிற்று, இப்போது அதற்கு ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் போடவேண்டும், போடாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு அண்ணன், ‘விடப்போறான் பாரு, கை நடுங்குது’ என்பார். அவர் சொல்லும்வரை கை நடுங்கியிருக்காது. சொன்னதும் நீங்கள் உங்கள் விரலைக் கவனிக்க ஆரம்பிப்பீர்கள், அவ்வளவுதான், ஸ்ட்ரைக்கர் எங்கேயோ போகும். பழகிய கை தானாகச் செய்கிற வேலையை மனசு மேற்பார்வை பார்க்க வந்தால் கெட்டுப்போகும் என்று விளையாட்டு உளவியல்காரர்கள் ஆராய்ச்சி செய்து சொல்வதும் இதைத்தான். அந்த அண்ணன் மாதிரி ஆட்களுக்கு நடுவில் வருடக்கணக்கில் ஆடியவருக்கு, அமைதியான உலகப் போட்டி அரங்கம் கொஞ்சம் ஓய்வாகக்கூட இருக்கலாம்.

நம்ம சேலம் மாரியப்பனைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோ 1.89 தங்கம், டோக்கியோ 1.86 வெள்ளி, பாரிஸ் 1.85 வெண்கலம். பதக்கத்தின் நிறத்தைப் பார்த்தால் இறங்குவது மாதிரி இருக்கும். எட்டு வருடம், மூன்று மேடை, வித்தியாசம் நான்கே சென்டிமீட்டர். டோக்கியோவில் மழை வேறு, பாதித்த காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துபோனது. நான் முதலில் சொன்ன ‘இறங்காமல் நிற்பது’ என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு பெயர்தான் எழுதலாம் என்றால் நான் எழுதுவது பலருக்குப் பிடிக்காது. அமெரிக்கத் துப்பாக்கி வீரர் மேத்யூ எம்மன்ஸ். ‘அழுத்தத்தில் சொதப்பியவர்கள்’ பட்டியலில்தான் அவர் பெயர் எப்போதும் முதலில் வரும். 2004 ஏதென்ஸ், 50 மீட்டர் மூன்று நிலைப் (படுத்து, முட்டியிட்டு, நின்று சுடும்) போட்டியில் மூன்று புள்ளி முன்னிலையோடு கடைசிக் குண்டைப் பக்கத்து ஆளின் இலக்கில் சுட்டார். பூஜ்யம், எட்டாம் இடம். 2008இல் அதே போட்டி, மறுபடி முன்னிலை, கடைசிக் குண்டு 4.4, நான்காம் இடம். ஆனால் அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் படுத்துச் சுடும் பிரிவில் தங்கமும் வெள்ளியும் அவர் ஏற்கெனவே வாங்கியிருந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. 2010இல் தைராய்டு புற்றுநோய். 2012 லண்டனில் திரும்ப அதே மூன்று நிலைப் போட்டியின் கடைசிக் குண்டுக்கு வந்து நின்றார். விழுந்தது 7.6. இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாவதுக்கு இறங்கினார், வெண்கலத்தை வாங்கிக்கொண்டு போனார். இவரைப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்கிறவர்கள் கருத்துப் பகுதியில் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிந்ததும் பதில் போடுகிறேன்.