பழனிக்கு நடக்கறதுக்கு முன்னாடி நாற்காலியில இருந்து எந்திரிங்க

கேள்வி: எடை குறைய வயித்தோட பெரும்பகுதியை வெட்டி எடுக்கற ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு இன்னைக்கு 19ஆவது நாள். வயசு 42, திருப்பூர். சர்க்கரை, பிரஷர் ரெண்டுக்கும் மாத்திரை உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டுல "நல்லா நடக்கவும்"னு மட்டும்தான் இருக்கு. எக்சர்சைஸ் எப்போ, எப்படி ஆரம்பிக்கறது? தைப்பூசத்துக்கு இன்னும் மூணு மாசம். பழனிக்குப் பாதயாத்திரை போகலாமா?

பதில்:

"நல்லா நடக்கவும்"ங்கறது ஆசீர்வாதம் மாதிரிங்க. கேட்க நல்லா இருக்கும். எத்தனை நிமிசம், என்ன வேகம், எங்க நிறுத்தறதுன்னு ஒண்ணும் இருக்காது. லட்சக்கணக்குல செலவு பண்ணி வயித்தை வெட்டி எடுத்துட்டு, அதுக்கப்புறமான ஆறு மாசத்துக்கு ரெண்டே வார்த்தை.

நான் சர்ஜன் இல்லைங்க, பிசியோதெரபி பக்கம். கீழ எழுதினதுல எது உங்க சர்ஜன் சொன்னதோட முட்டுதோ, அங்க அவர் சொல்றதைக் கேளுங்க. உள்ள தையல் எப்படி இருக்குன்னு பார்த்தவர் அவர்தான். "கத்தி வெச்சு இளைச்சவங்களுக்கு எதுக்குப் பயிற்சி, முதல்லயே உழைச்சிருந்தா இது தேவையா"ன்னு எழுத வர்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். ஆபரேஷன் பசியைக் குறைக்கும், கொள்ளற அளவைக் குறைக்கும். குறையற எடையில கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவுங்கறதுல அதுக்கு அக்கறை கிடையாது. ஒண்ணும் செய்யாம விட்டா, 10 கிலோ இறங்கறப்ப அதுல 2, 3 கிலோ தசையாவே போயிரும். முதல் ஆறு மாசத்துலதான் அது அதிகம். தராசுல எடை இறங்கிட்டே இருக்கும், மாடிப்படி ஏறத் தெம்பு இருக்காது.

இப்ப உங்க வயிறு. வெளியில நாலஞ்சு சின்னத் தழும்புதான் தெரியும். வயித்துல முக்கால் பங்கு, சில பேருக்கு அதுக்கும் மேல, அந்த ஓட்டையில பெரிய ஒண்ணு வழியாத்தான் வெளிய வந்திருக்கு. தோல் பத்துப் பன்னெண்டு நாள்ல மூடிக்கும். அடியில இருக்கற கெட்டிச் சவ்வு ஆற ஆறு வாரமாவது ஆகும், அப்பவும் பழைய பலம் முழுசா வந்திருக்காது. அதுக்குள்ள பலமா முக்கினா, அந்த எடத்துல குடல் புடைச்சுக்கிட்டு வரலாம். ஆறு வாரம் வரைக்கும் 5 கிலோவுக்கு மேல தூக்காதீங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

5 கிலோன்னா ஜிம்முல இருக்கற தம்புள்ஸ்னு நினைச்சுக்கறாங்க. வீட்டுல பாருங்க. நிறைகுடம் 12, 15 கிலோ. கேஸ் சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, உருளையோட சேர்ந்து 30 கிலோ பக்கம். நனைஞ்ச போர்வை ரெண்டு கெடக்கற பக்கெட், கிரைண்டர் கல்லு, ரெண்டு வயசுப் பேரன், எல்லாமே கணக்குல வரும். ஸ்கூட்டிக்கு நடு ஸ்டாண்டு போடறதும் தூக்கறதுதான், சைடு ஸ்டாண்டு போதும். படுக்கையில இருந்து நேரா எந்திரிக்காதீங்க. ஒருக்களிச்சு, காலைக் கீழ விட்டு, கையை ஊனி எந்திரிங்க. இருமல், தும்மல் வந்தா ஒரு தலைகாணியை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்குங்க.

இந்த மூணாவது வாரத்துல நடை ஒண்ணுதான், ஆனா துண்டு துண்டா. 10 நிமிசம் வெச்சு நாளைக்கு நாலு தடவை. அடுத்த வாரம் 15 நிமிசம், மூணு தடவை. அஞ்சாவது வாரம் 20 நிமிசம், ரெண்டு தடவை. ஆறாவது வாரம் ஒரே மூச்சுல 30 நிமிசம். ஒரு நாள் முடியலைன்னா முந்தின வாரத்து அளவுக்கே போயிருங்க, தோத்ததா நினைக்காதீங்க. வெள்ளென ஒண்ணு, பொழுதோட ஒண்ணு வெயில் இல்லாத நேரத்துல வெச்சுக்கிட்டு, மீதியை வீட்டுக்குள்ளயே நடந்துக்கலாம். இட்டேரியில நடக்கறவங்க முதல் மாசம் விட்டுருங்க. மேடு பள்ளத்துல கால் தடுக்கினா வயிறு தன்னால இறுகும். வேகத்துக்கு வாட்ச் வேண்டாம். நடந்துக்கிட்டே "அரோகரா"ன்னு முழுசாச் சொல்ல முடியணும், ஒரு காவடிச் சிந்து பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை எடுக்கறவங்களுக்கு நாடித் துடிப்பு அவ்வளவா ஏறாது, அதனால துடிப்பை எண்ணி வேகம் வைக்கறது ஏமாத்திரும். பேச்சை வெச்சே பார்த்துக்குங்க.

ஆறு வாரம் முடிஞ்சு சர்ஜன் சரின்னு சொன்னதும் தசைக்கான வேலை. இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. நடை மட்டும் போதும்னு நினைச்சுக்கறாங்க. போதாதுங்க.

ஒரே ஒரு பயிற்சிதான் செய்வேன்னா, நாற்காலியில உட்கார்ந்து எந்திரிக்கறதைச் செய்யுங்க. கை இல்லாத மர நாற்காலி, உயரம் ஒண்ணரை அடி, முதுகுப்பக்கம் சுவத்தோட ஒட்டி. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ்ல வழுக்கும், கயித்துக் கட்டில் ரொம்பத் தாழ்வு, ரெண்டும் ஆகாது. நாற்காலியில முன்னால நகர்ந்து உட்காருங்க. பாதத்தை முட்டிக்கு நேர் கீழ, கொஞ்சம் பின்னுக்கு வையுங்க. கை ரெண்டையும் மார்பு மேல குறுக்கால கட்டிக்குங்க. மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னால சாஞ்சு, மூச்சை விட்டுக்கிட்டே எந்திரிங்க. இறங்கறப்ப மூணு எண்ணுங்க. தொப்புன்னு விழுந்தா பாதிப் பலன் போச்சு, தசை வளர அந்த இறக்கமும் வேணும். முட்டி ரெண்டும் உள்பக்கம் சாயுதான்னு யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. சாஞ்சா முட்டி ரெண்டையும் வெளிப்பக்கம் தள்ளிக்கிட்டே எந்திரிங்க. முட்டி வலிச்சா நாற்காலி மேல ஒரு தலைகாணி போட்டு உயரத்தைக் கூட்டுங்க. 8 தடவை, ஒண்ணரை நிமிசம் ஓய்வு, மறுபடி 8. வாரத்துக்கு ரெண்டு நாள், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி. 12 தடவை மூணு சுத்து சுலபமாச்சுன்னா, ரெண்டு கிலோ கொள்ளுப் பையை மார்போட அணைச்சுக்கிட்டுச் செய்யுங்க.

மூச்சை அடக்கிட்டு எந்திரிக்கறதுதான் பெரிய தப்பு. வயித்துக்குள்ள அழுத்தம் ஏறும், தழும்பு தாங்காது, தலையும் சுத்தும்.

முதல் நாளே 30 வினாடியில எத்தனை தடவை எந்திரிச்சு உட்கார முடியுதுன்னு எண்ணி காலண்டர்ல எழுதுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அதே கணக்கு. தசைப் பயிற்சி ஆரம்பிச்சதும் தராசு ஒண்ணு ரெண்டு வாரம் அப்படியே நிக்கும். தசை தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கறதால அப்படி. அப்ப மனசு உடையாம இருக்க இந்த எண்ணிக்கைதான் கைகொடுக்கும்.

இதோட சுவத்துல கை ஊனி முன்னும் பின்னும் போய் வர்றது, ஜன்னல் கம்பியில ரப்பர் பேண்டைக் கட்டி முழங்கையைப் பின்னால இழுக்கறது, ஒரே ஒரு படியில ஏறி இறங்கறது, இதெல்லாம் அதே 8, 8 கணக்குல. வயித்துப் பயிற்சின்னு யூடியூப் பார்த்து கிரஞ்சஸ், பிளாங்க் போகாதீங்க, பன்னெண்டு வாரம் ஆகட்டும். அது வரைக்கும் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, மூச்சை விடறப்ப தொப்புளை உள்ள இழுத்து 5 எண்ணற வரைக்கும் வெச்சிருங்க. பத்துத் தடவை. ஜிம்மும் பன்னெண்டு வாரத்துக்கு அப்புறந்தான். கிணறு, வாய்க்கால் நீச்சல்னா எல்லாத் தழும்பும் பொருக்கு உதிர்ந்து காஞ்சிருக்கணும், டாக்டர் ஒரு தடவை பார்த்துச் சரின்னும் சொல்லியிருக்கணும்.

பிசியோவுக்கு எதுக்குச் சோத்துப் பேச்சுன்னு கேட்பீங்க. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் பயிற்சி பாதியில நிக்கறது பெரும்பாலும் தண்ணியும் புரதமும் பத்தாமத்தான். தண்ணி நாளைக்கு ஒண்ணரை முதல் ரெண்டு லிட்டர். முழிச்சிருக்கற 16 மணி நேரத்துல பிரிச்சா மணிக்கு 100 மில்லி சொச்சம். ஒரு தடவைக்கு 30 மில்லி, அதாவது சிரப் பாட்டில் மூடியில ரெண்டு மூணு மூடி. நடந்துட்டு வந்து தாகத்துல மடக் மடக்னு குடிச்சா நெஞ்சு அடைச்சு வாந்தி வரும், அதனால கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சிப் சிப்பா ஆரம்பிங்க. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணி வேண்டாம். மூத்திரம் கொள்ளு ரசம் நிறத்துல போனா அன்னைக்கு நடையைக் குறைச்சுக்குங்க.

இங்க ஒண்ணு சொல்லாம இருக்க முடியலைங்க. பொம்பளைங்க தண்ணி குடிக்காம நடக்கறதுக்குக் காரணம் சோம்பல் கிடையாது. நடைபாதைக்குக் கல்லுப் பதிச்சு, கலர் லைட் போட்டு, செல்ஃபி எடுக்கப் பேரு வெச்ச போர்டு வரைக்கும் நட்டுடறாங்க. கழிப்பிடம் மட்டும் இருக்காது, இருந்தா பூட்டி இருக்கும், சாவி யாருகிட்டயோ இருக்கும். ஒரு மணி நேரம் அடக்கிக்கிட்டு நடக்க முடியாதுன்னு தண்ணியையே விட்டுடறாங்க. ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு அது டிரிப்ஸ் ஏத்தற வரைக்கும் கொண்டு போய் விட்டுரும். அதுக்கு வீட்டைச் சுத்தி நடக்கறது மேல்.

புரதம் நாளைக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில 6 கிராம், 50 கிராம் பன்னீர்ல 9, ஒரு டம்ளர் தயிர்ல 6, ஒரு சின்னக் கிண்ணம் கடைஞ்ச பருப்புல 6. இப்ப நீங்க மசிச்ச உணவுல இருக்கறதால பவுடர் இல்லாம 60 வராது. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு ஒறம்பரைக்காரங்க எல்லாரும் கொள்ளு ரசத்தைப் போசியில கொண்டு வந்து தருவாங்க. ரசத்துல தெளிவுத் தண்ணிதான் இருக்கு. கொள்ளைக் கடைஞ்சு தின்னா புரதம், ரசமாக் குடிச்சா வெறும் காரம். அது வயித்துல புண்ணைத் தீண்டும்.

வலி மாத்திரை. பயிற்சி ஆரம்பிச்ச ரெண்டாம் நாள் தொடை வலிக்கும், அது வழக்கந்தான். உடனே மெடிக்கல்ல போய் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்காதீங்க. எடை குறைய வயித்துல பைபாஸ் பண்ணினவங்களுக்கு (இதய பைபாஸ் இல்லைங்க) அது வயித்தையும் குடலையும் சேர்த்த இணைப்புல புண்ணு போடும், ஸ்லீவ்லயும் பெரும்பாலான சர்ஜன்கள் வேண்டாம்னுதான் சொல்வாங்க. பாராசிட்டமால் போதும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோட வயிறும் இடது தோளும் வலிச்சாலோ, சும்மா உட்கார்ந்திருக்கறப்பவே துடிப்பு 120க்கு மேல போனாலோ அது பயிற்சி வலி இல்லை, அந்த நிமிசமே ஆஸ்பத்திரி. நாள் கணக்கா வாந்தி எடுத்துட்டு கால் தள்ளாடுதுன்னா தெம்பு இல்லைன்னு நினைச்சுராதீங்க. வைட்டமின் பி1 தீர்ந்தா அப்படித்தான் ஆகும், அன்னைக்கே ஊசி போட்டாகணும்.

இனி பழனி. தைப்பூசம் வர்றப்ப உங்களுக்கு 15, 16 வாரம் ஆகியிருக்கும். தழும்பு பிரச்சினை பண்ணாது. பிரச்சினை விரதமும் வழிச்சாப்பாடும்தான். மாலை போட்டதும் முட்டை, கறி நிக்கும், புரதத்துல பாதி அங்கேயே போச்சு. பன்னீர், தயிர், சோயா, பவுடரை அந்த அளவுக்குக் கூட்டாம விரதம் எடுக்காதீங்க. ஒரு வேளை மட்டும் சாப்பிடற விரதம் இந்த வயித்துக்கு முடியவே முடியாது, ஒரு வேளையில 150 மில்லிக்கு மேல எடம் இல்லை. தாராபுரம் வழி நெடுக அன்னதானத்துல சர்க்கரைப் பொங்கலும் சர்பத்தும் கொடுப்பாங்க. வெறும் வயித்துல இனிப்பு வேகமா இறங்கினா படபடப்பு, வேர்வை, வயித்துப்போக்கு, அப்புறம் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல சர்க்கரை சர்ருன்னு இறங்கும். பைபாஸ்ல இது அதிகம், ஸ்லீவ்ல குறைவு, ஆனா இல்லாம இல்லை. அதுவும் ராத்திரி ரோட்டு ஓரத்துல லாரிகளுக்கு நடுவுல மயங்கினா? வழியில முகாம்ல கால்வலின்னதும் போடற ஊசியும் பெரும்பாலும் அந்த டைக்ளோதான்.

அதனால இந்த வருசம் திருப்பூர்ல இருந்து வேண்டாம்ங்க. கடைசி 10 கிலோமீட்டர் மட்டும் நடங்க. அதுக்கும் முன்னாடி, ரெண்டு ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்லயே 8 கிலோமீட்டர் நடந்து, மறுநாள் வழக்கமான வேலை செய்ய முடியுதான்னு பாருங்க. நேர்ந்துக்கிட்டோமேன்னு வெறுங்காலோட வேண்டாம், சர்க்கரைக்காரங்க பாதத்துல கொப்புளம் வந்தாத் தெரியாது. எடை இறங்கினா பாதமும் சிறுக்கும், பழைய ஷூ லொடலொடன்னு உராசும், கிளம்ப ஒரு மாசம் முன்னாடி புதுசு வாங்கிப் பழகிக்குங்க. மலைக்கு 693 படி. உங்க வீட்டு மாடிக்கு 18 படின்னா 38, 39 தடவை ஏறற கணக்கு. பத்தாவது வாரத்துல இருந்து மாடிப்படியில அஞ்சு தடவைன்னு ஆரம்பிச்சு வாரத்துக்கு ரெண்டு ரெண்டாக் கூட்டினாக்கூட தைப்பூசத்துக்குப் பதினஞ்சு, பதினேழு தடவைதான் வரும். பாதி ஏறி விஞ்சுலயோ ரோப்காரிலயோ போனா முருகன் கோவிச்சுக்க மாட்டார். ஏறறதை விட இறங்கறதுதான் முட்டியைப் பிடிக்கும், கைப்பிடியை விடாதீங்க.

உங்க சர்க்கரை மாத்திரை பேரு எழுதலை. அதுல கிளிமிபிரைடு, கிளிபிசைடுன்னு ஏதாவது இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, நாளைக்கு வெள்ளென நடக்கக் கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஃபோன் போடுங்க. ஆபரேஷனுக்கு முந்தின அளவு இப்ப சாப்பிடற சாப்பாட்டுக்கு அதிகம். பிரஷர் மாத்திரையும் அப்படியே. உட்கார்ந்து எந்திரிச்சதும் கண்ணு இருட்டுதுன்னா அதையும் சேர்த்துச் சொல்லிருங்க.