குரோமோசோம் டெஸ்ட் நார்மல், அப்புறம் உதட்டுப் பிளவு ஏன்?

மகனின் குரோமோசோம் சோதனை நார்மல் என்றால் மரபணுவில் கோளாறே இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அப்படி ஆகிவிடாது. அந்தச் சோதனை புத்தகத்தில் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது. நடுவில் ஓர் எழுத்துப்பிழை இருந்தால் அதன் கண்ணில் படாது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் முக்கியம்: மகனுக்கு உதட்டுப் பிளவு, அவன் அத்தைக்கு அண்ணப் பிளவு (வாயின் மேற்கூரையில் பிளவு) மட்டும். இவை இரண்டும் ஒரே குடும்பத்தில் கலந்து வருவது அபூர்வம். வந்தால் முதலில் வான் டெர் வூடே சிண்ட்ரோமைச் சந்தேகிக்க வேண்டும். பரம்பரையாக வரும் இந்தக் கோளாறில் பிளவோடு கீழுதட்டில் சிறு குழிகளும் இருக்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஐஆர்எஃப்6 என்ற மரபணுவில் வரும் பிழை; அதை 2002இல் கண்டுபிடித்தார்கள்.

மகன், கணவர், அத்தை மூவரின் கீழுதட்டையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கோட்டுக்கு இருபுறமும் குண்டூசித் தலை அளவில் குழி இருக்கிறதா? சிலருக்கு அதில் எச்சில்போல நீர் கசியும். இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு மரபியல் மருத்துவரிடம் போய், அந்த மரபணுவையே வரிசைப்படுத்தி, அதாவது எழுத்தெழுத்தாகப் படித்து, பார்க்கக் கேளுங்கள்.

குழி இல்லாவிட்டாலும் போய்க் கேளுங்கள், சிலருக்கு அது இருப்பதில்லை. கணவரிடம் பிழை உறுதியானால் அடுத்த குழந்தைக்கு அது போக 50 சதவீத வாய்ப்பு. ஆனால் வெறும் குழியோடு நிற்குமா, பிளவாகுமா என்பதைச் சோதனை சொல்லாது.

கிரகணத்தில் வெளியே போனதால்தான் பிளவு என்று மாமியார் சொல்வதை விடுங்கள். நீங்கள் வெளியே போனது ஆறாம் மாதம். மேலுதடு கூடி முடிவதோ ஏழாவது வார வாக்கில்.